பின்பக்க முற்றத்துக்கு பேவர் பிளாக் போட பட்ஜெட் எப்படிப் போடுவது? பிளாக் விலையையும் கூலியையும் சதுர அடியால் பெருக்கினால் போதுமா?

போதாது. இதே கணக்கை நானும் போட்டேன், ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில். அது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இரண்டே வரிகள்: பிளாக், கூலி. கீழே கூட்டல், அதைச் சுற்றி ஒரு வட்டம். கடைசியில் கையை விட்டுப் போனது, அந்த வட்டத்துக்குள் இருந்த தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டு வேலை முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும், பின்பக்கம் மண்ணாகவே கிடக்கும், மழை பெய்தால் சேறு வீட்டுக்குள் வரும், வீட்டில் ஒருவர் தினமும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பார். ஒரு கடையில் பிளாக் விலை கேட்டிருப்பீர்கள், 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றியிருக்கும். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொத்தனாரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஒரே முற்றத்தை இரண்டு தடவை போட்டவன், அவ்வளவுதான். தொகையாக எதையும் எழுதப் போவதில்லை, அது இடத்துக்கு இடம் மாறும். எந்தெந்த வரிகள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் முற்றம் 12 அடிக்கு 18 அடி. மொத்தம் 216 சதுர அடி, மீட்டரில் சொன்னால் சுமார் 20 சதுர மீட்டர். இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்: மண் வெட்டி எடுப்பது, வெளியே கொண்டுபோவது, ஜல்லி, மணல், ஓரக்கல், மெஷின் வாடகை என்று தனித்தனியாக. இன்னொருவர் வாயாலேயே ஒரு தொகையைச் சொன்னார், 'எல்லாம் சேர்த்து'. அது கணிசமாகக் குறைவு. அக்கா வீட்டுக்காரர் அன்று வந்திருந்தார். ஒன்றரைப் பக்கத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு மாப்ளே இவ்வளவு காசு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்குமே தெரியப்போகாத ஜல்லிக்குப் பணம் கொடுப்பதைவிட நல்ல நிறத்தில் பிளாக் வாங்கலாமே என்று இரண்டாவது ஆளுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது. முடிந்த அன்று சாயங்காலம் என் மகள் ஒரு ரப்பர் பந்தைக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் வைத்தாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு மெதுவாக உருள ஆரம்பித்தது. பின்கதவுப் படியில் முட்டி நின்றது. மறுபடி எடுத்துப்போய் வேறு மூலையில் வைத்தாள். அப்போதும் கதவுக்கே வந்தது. "அப்பா, பந்து நம்ம வீட்டுக்கே வருது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதே போன் போட்டுக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

முதல் பெரிய மழையில் பந்து போன வழியிலேயே தண்ணீரும் வந்தது. கதவோரம் கழற்றி வைத்திருந்த செருப்புகள் மிதந்தன. அடுத்த சில மாதங்களில், நாற்காலி போடும் இடத்தில் ஒரு கிண்ணம் போலப் பள்ளம் விழுந்தது, ஓரத்து வரிசை வெளியே நகர்ந்து பிளாக்குகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தது. போட்டவருக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு தடவை 'நாளைக்கு வர்றேன் சார்', அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

சரி, என்ன தப்பு நடந்திருக்கிறது என்று பார்க்க, வெட்கத்தோடு அந்த ஒன்றரைப் பக்கக்காரரையே கூப்பிட்டேன். அவர் எதுவும் குத்திக்காட்டவில்லை, அதுவே பெரிய விஷயம். பள்ளம் விழுந்த இடத்தில் ஒரு பிளாக்கை நெம்பி எடுத்தார். சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து மணலில் செருகினார். அது எந்தத் தடையும் இல்லாமல் நாலு அங்குலம் இறங்கிப் போனது. அதற்குக் கீழே வெறும் மண். "ஜல்லியே இல்ல சார், மணல் மெத்தை போட்டிருக்காங்க" என்றார். மணல் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம் இருந்தால் போதும். அது பிளாக்கைச் சமமாக உட்கார வைக்க மட்டும்தான். பாரத்தைத் தாங்குவது அதன் கீழே இருக்க வேண்டிய, நன்றாக இறுக்கிய ஜல்லிப் படுகை. மணலைத் தடிமனாகப் போட்டால், மிதிக்கிற இடத்தில் இறங்கும், மிதிக்காத இடத்தில் நிற்கும்.

உங்கள் பட்ஜெட் அந்த ஸ்கேல் இறங்கிய இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆட்கள் நடக்கிற, நாற்காலி மேசை போடுகிற முற்றத்துக்கு 60 மில்லிமீட்டர் பிளாக் போதும். (கார் ஏறும் என்றால் 80, கீழே படுகையும் நல்ல தடிமனாக வேண்டும், அது வேறு கணக்கு.) பிளாக் 60, மணல் 25, ஜல்லிப் படுகை குறைந்தது 100. மொத்தம் 185 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஏழே கால் அங்குலம். பிளாக்கின் மேல்மட்டம் இப்போதைய மண் மட்டத்தோடு வரவேண்டும் என்றால், அத்தனை ஆழத்துக்கு முழு இடத்தையும் தோண்ட வேண்டும். என் 20 சதுர மீட்டருக்கு அது 3.7 கன மீட்டர். வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு உப்பும், ஆகவே வண்டியில் ஏறுவது நாலரைக்கும் மேல். ஜல்லிக்கு நேர் எதிர். இறுக்கிய பின் 2 கன மீட்டர் வேண்டும் என்றால் இரண்டரை வாங்க வேண்டும், இறுக்கும்போது அத்தனை அமுங்கும். ஒரே அளவு ஜல்லியாகவும் வாங்காதீர்கள். பெரியது முதல் தூள் வரை கலந்ததுதான் இறுகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் மேலே போட்ட மணல் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கிவிடும்.

அப்புறம் எடை. நான் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே போகும் மண் சுமார் 6 டன். உள்ளே வரும் ஜல்லி 4 டன்னுக்கு மேல், பிளாக் இரண்டே முக்கால், மணல் முக்கால். ஆக மொத்தம் 14 டன் பக்கம். என் வீட்டில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போக மூன்றடி அகலச் சந்து ஒன்றுதான் வழி. தள்ளுவண்டியில் ஒரு நடைக்கு 80 கிலோ என்று வைத்தாலும் 170 நடைக்கு மேல். இந்தக் கூலியை எந்தச் 'சதுர அடிக்கு இவ்வளவு' ரேட்டும் உங்களுக்குச் சொல்லாது. லாரி நேராக உள்ளே வரக்கூடிய வீட்டுக்காரர் சொல்லும் தொகையோடு உங்கள் கொட்டேஷனை ஒப்பிட்டுப் பார்த்து 'ஏமாற்றுகிறான்' என்று முடிவுகட்டாதீர்கள்.

இடம் சிறியதாக இருந்தால் சதுர அடி ரேட் கூடத்தான் செய்யும், அதிலும் காரணம் இருக்கிறது. 10க்கு 20 முற்றம் 200 சதுர அடி, சுற்றளவு 60 அடி. 20க்கு 20 என்றால் பரப்பு இரண்டு மடங்கு, சுற்றளவு 80 அடிதான். ஓரக்கல் செலவு சுற்றளவைப் பொறுத்தது. அந்த ஓரக்கல்லை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஓரம் கட்டாத பேவர் தரை, கட்டாத புத்தக அடுக்கு மாதிரி, ஒருநாள் சாயும். இறுக்கும் மெஷினும் அப்படித்தான், 100 சதுர அடிக்கும் 500 சதுர அடிக்கும் ஒரே நாள் வாடகை. என் விஷயத்தில் ஜல்லி லாரி ஒருநாள் தாமதமாக வந்தது, மெஷின் சும்மா சுவரில் சாய்ந்து நின்றது, அந்த நாள் வாடகையையும் கொடுத்தேன்.

வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு, தனி வரியாகக் கொட்டேஷனில் இருக்காது, வாயால் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம். என் 12 அடிக்கு அது மூன்று அங்குலம். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும், ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த மூன்று அங்குலம்தான் தீர்மானிக்கிறது. ஜல்லிப் படுகையிலேயே வாட்டம் வந்துவிட வேண்டும், மணலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யவே கூடாது.

இந்த வாட்டத்தை நானே முதல் தடவை பார்த்திருக்க முடியும். என்னிடம் ஒரு நல்ல நாலடி ரசமட்டம் இருந்தது. இருந்தது. மாடி வீட்டில் இருந்தவர் அலமாரி மாட்ட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். 'பத்து நிமிஷம்' என்றார். அப்புறம் வீடு மாறிப் போயேவிட்டார். இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கலாம், ஆனால் கருவியை இரவல் வாங்குகிறவர்கள் அதைச் சும்மா மூலையில் கிடக்கும் பொருள் என்றே நினைக்கிறார்கள். பணத்தைக் கடன் வாங்கினால் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிற அதே மனிதர்கள், துளையிடும் மெஷினையும் ஏணியையும் வாங்கிக்கொண்டு போய் வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு, வழியில் பார்த்தால் நம்மிடமே நலம் விசாரிக்கிறார்கள். சரி, விடுங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் நிற்கும் நீர்மட்டத்தை வைத்துப் பார்க்கலாம், அது இன்னும் துல்லியம்.

பிளாக்குக்கு வருகிறேன். 200க்கு 100 மில்லிமீட்டர் செவ்வகப் பிளாக் என்றால் சதுர மீட்டருக்கு 50. எனக்கு ஆயிரம். நேர் வரிசையாகப் போட்டால் 5 சதவீதம் சேதாரம், மூலைவாட்டில் போட்டால் ஓரமெல்லாம் வெட்டுத்துண்டுதான், ஆகவே 10 சதவீதம். வளைவு வேண்டும் என்றால் அதற்கும் மேல், வெட்டுகூலியும் தனி. தேவைக்கு மேலே கொஞ்சம் அதே லாட்டில் வாங்கி வைத்துவிடுங்கள். நான் ஒரு டஜன் குறைகிறதென்று பிறகு போய் வாங்கினேன், அதே கடை, அதே நிறம் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கும் அந்தப் பன்னிரண்டு மட்டும் தனியாகத் தெரிகின்றன. பிளாக்கின் மேல் உப்பு மாதிரி வெள்ளை பூத்தால் பயந்து ஆசிட் வாங்காதீர்கள், பெரும்பாலும் மழையிலும் வெயிலிலும் தானே போய்விடும். 'இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றிவிடலாம்' என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். பேவரின் லாபமே பிரித்துப் போடலாம் என்பதுதான்.

அந்த லாபம்தான் என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது தடவை பிளாக்கை எல்லாம் எடுத்து அடுக்கினோம். முப்பது நாற்பது உடைந்ததைத் தவிர மற்றதெல்லாம் திரும்பப் போயின. இரண்டாவது தடவை போட்டதை மட்டும் எடுத்து, பிளாக்கையும் சேர்த்துப் பத்துப் பங்காகப் பிரித்துப் பார்த்தேன்: பிளாக் மூன்று பங்கு, ஜல்லியும் மணலும் இரண்டு, தோண்டி மண் அகற்றியது இரண்டு, போட்ட கூலி இரண்டு, ஓரக்கல், மெஷின், வெட்டு எல்லாம் சேர்த்து ஒன்று. இது என் சந்துக்கும் என் மண்ணுக்கும் வந்த கணக்கு. உங்களுக்கு மாறும். ஆனால் பிளாக் பாதிக்கு மேல் வருகிற கொட்டேஷன் யாராவது கொடுத்தால், கீழே என்ன போடப் போகிறார் என்று ஒருதரம் கேளுங்கள்.

இதற்கு மேல் 10 முதல் 15 சதவீதம் ஒதுக்கி வையுங்கள். எனக்குத் தோண்டும்போது வீடு கட்டிய காலத்தில் புதைத்துவிட்டுப் போன கான்கிரீட் உடைசல் வந்தது. சாக்கடைத் தொட்டியின் மூடியை மட்டத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. இரண்டும் எந்தத் தாளிலும் இல்லாதவை. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: ஜல்லி இறுக்கியதைக் கண்ணால் பார்த்து, அளந்து, போட்டோ எடுத்த பிறகு ஒரு பகுதி. கடைசி 10 சதவீதத்தை, ஒரு மழை பார்த்தோ, குழாய் வைத்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்த்தோ கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல வேலைக்காரர்கள் இதற்குக் கோபப்படமாட்டார்கள். எனக்கு இரண்டாவது தடவை போட்டவர் அவரே குழாயைத் திறந்துவிட்டார்.

'பேசாமல் சிமென்ட் தரையே போட்டிருக்கலாமே' என்று சிலர் வருவார்கள், அக்கா வீட்டுக்காரர் இப்போது அதைத்தான் சொல்கிறார். போடலாம். வெடித்தால் உடைத்து அள்ள வேண்டும் என்பதை மட்டும் சேர்த்து யோசியுங்கள். 'எல்லாம் நாமே செய்யலாம்' என்பவர்களுக்கு: தோண்டுவதை நானே செய்து கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கினேன். மதியத்துக்குள் கால்வாசி கூட முடியவில்லை, அடுத்த நாலு நாள் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

மீதமான பிளாக் ஒரு பதினைந்து சந்து முனையில் சுவரோரம் அடுக்கியிருக்கிறேன், நாளைக்கு ஏதாவது உடைந்தால் மாற்றுவதற்கு. அதில் நாலு ஏற்கெனவே பூந்தொட்டிகளுக்கு அடியில் போய்விட்டன.