காலையில் மட்டும் வரும் கடகடப்பு

கேள்வி: என் டர்போ ஸ்போர்ட்ஸ் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 3 விநாடி ‘கடகட’வென்று சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. டைமிங் செயின் பழுதா?

பதில்: இருக்கலாம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்திசைவாக இணைப்பதுதான் டைமிங் செயின். டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில்தான் செயினை இறுக்குகிறது. இரவில் ஆயில் வடிந்துவிட்டால், அழுத்தம் ஏறும்வரை தொய்ந்த செயின், அதன் பாதையைத் தாங்கும் கைடில் அடிக்கும். முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே இந்தச் சத்தம் வரும். அளவு சரியென்றால் ஸ்கேனர் போடுங்கள். பி0016 என்ற பிழைக்குறியீட்டைக் காட்டினால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. சென்சார்கூடக் காரணமாகலாம், ஆனால் சத்தமும் சேர்ந்திருந்தால் ஓட்டவே வேண்டாம், டோ செய்யுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையக்கூடும்.

செயினை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். டென்ஷனர், கைடுகள், மறுபடி பயன்படுத்தக்கூடாத போல்ட்டுகள் எல்லாமே புதிதாக வேண்டும். பூட்டியதும் கிராங்க்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றி, தண்டுகளைச் சரியான நிலையில் பூட்டும் டைமிங் லாக் கருவி மறுபடி பொருந்தினால்தான் ஸ்டார்ட்.