கம் பைக்ரோமேட் அச்சில் (பிசின், நிறமி, டைக்ரோமேட் உப்பு மூன்றையும் கலந்து காகிதத்தில் பூசி, வெளிச்சத்தில் காட்டிப் படம் எடுக்கும் பழைய முறை) மூன்றாவது நிறம் போடும்போது மட்டும் படம் விலகிப் போகிறதே, ஏன்?

காகிதத்தை முன்கூட்டியே சுருக்காமல் நேராக முதல் பூச்சைப் பூசியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அம்மாவின் படம் அது. முதலில் சயனோடைப்பில் (இரும்பு உப்புகளால் நீலப் படம் தரும் பழைய அச்சு முறை) நீலம், அதன் மேல் கம்மில் மஞ்சள், கடைசியாக மெஜந்தா. பூச வேண்டும், இருட்டில் காயவைக்க வேண்டும், நெகட்டிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும், அரை மணி நேரமாவது தண்ணீரில் மிதக்கவிட வேண்டும், திரும்பவும் காயவைக்க வேண்டும். நாளுக்கு ஓர் அடுக்குதான் முடிந்தது. மூன்றாம் நாள் தண்ணீரிலிருந்து எடுத்தால் அம்மாவுக்கு நான்கு கண்கள்.

பிரின்டர்தான் நெகட்டிவின் அளவை மாற்றிவிட்டது என்று நினைத்து மூன்று நெகட்டிவையும் திரும்ப எடுத்தேன். அதே கதை. இடது ஓரத்தைப் பொருத்தினால் வலது ஓரம் நகர்ந்தது. அப்புறம்தான் ஸ்கேலை வைத்துப் பார்க்கத் தோன்றியது. 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய நீலப் படம் 2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. நெகட்டிவ் பிளாஸ்டிக், அது அப்படியே இருக்கும். காகிதம் நனைந்து காயும்போது சுருங்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருங்காது.

எனவே முதலில் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காயவிடுங்கள். நிறம் காகிதத்துக்குள் ஊறாமல் தடுக்கும் ஜெலட்டின் பூச்சு அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு அடுக்கும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த நெகட்டிவைப் பொருத்துங்கள், ஈரக் காகிதம் பெரிதாக இருக்கும். அலுமினியத் தகட்டில் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும், உண்மைதான். எனக்குக் காகிதம் கையில் வளைய வேண்டும், அவ்வளவுதான்.

போனில் ஐந்து நிமிட வேலை என்பவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு போட்டி மேல் இன்னும் கோபம் இருக்கிறது. சரியாக வந்த அச்சை அனுப்பினேன். "பல படங்களை அடுக்கிய எடிட்டிங் ஏற்கப்படாது" என்று திருப்பிவிட்டார்கள். ஒரே படத்தின் மூன்று நிறங்கள் அவை! அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் 1904-ல் பிளாட்டினம் அச்சின் மேல் கம் அடுக்கு போட்டு எடுத்த நிலா வெளிச்சக் குளத்தை அனுப்பியிருந்தாலும் இவர்கள் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் படம் 2006-ல் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

சரி, டைக்ரோமேட்டைத் தொடும்போது கையுறை போடுகிறீர்களா? புற்றுநோய் வரவைக்கும் சரக்கு அது. சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.