கேள்வி–பதில்: பழைய காரில் ஏசி கம்ப்ரசர் போனால்

சித்திரை பிறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கார் ஏசி பற்றித்தான். அதனால் இந்த வாரம் அது மட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

2011 மாடல் சின்ன கார். ஏசியில் வெறும் காற்றுதான் வருகிறது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் போச்சு, 22,000 ஆகும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், திருமங்கலம்

பெல்ட் கருகி, கம்ப்ரசர் இறுகி நின்றிருந்தால் கண்ணால் பார்த்தே சொல்லலாம். மற்றபடி சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. இன்ஜினை ஓடவிட்டு ஏசி பட்டனைப் போடுங்கள். கம்ப்ரசர் முகப்பில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். நடுவில் இருக்கும் தட்டு, அதாவது கம்ப்ரசர் கிளட்ச், புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கேஸ் அளவு, கிளட்ச் காயில் எல்லாம் பார்த்த பிறகுதான் கம்ப்ரசர் பேச்சே வரும். கேஸ் குறைந்தாலே பிரஷர் சுவிட்ச் கிளட்சை ஒட்ட விடாது. ஃபியூசும் ரிலேயும் சில்லறைச் செலவு. கிளட்ச் காயில் பல வண்டிகளுக்குத் தனியாகவே கிடைக்கும்.

தட்டு சுற்றியும் குளிரவில்லை என்றால் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏசி ஓடும்போதே லோ (குறைந்த அழுத்த) பக்கமும் ஹை (அதிக அழுத்த) பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றால், கம்ப்ரசர் அழுத்தம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதைக் காட்டாதவரிடம் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.

மார்கழியில் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். ஏசி ஓடவில்லை. "கேஸ் மட்டும் போட்டால் போதும்" என்றார் புரோக்கர். இப்போது பார்த்தால் கம்ப்ரசர் ஜாம். அவர் போனை எடுப்பதில்லை.
– வாசகர், வாடிப்பட்டி

கேஸ் மட்டும் போதும் என்றால் நீங்களே போட்டு, குளிர வைத்துக் கொடுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஓடாத ஏசி என்று தெரிந்தேதான் வாங்கியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் அவர் அப்படி எழுதியிருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். வெறும் வாய்ப்பேச்சு என்றால் இந்தச் செலவு உங்களுடையதுதான்.

கார் ஏசியில் போடும் 134 கேஸுக்குப் பதிலாகச் சமையல் கேஸ் ஏற்றினால் நன்றாகக் குளிருமாமே?
– வாசகர், உசிலம்பட்டி

வேண்டவே வேண்டாம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் அந்தக் கேஸ் நேராகப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்குத்தான் வரும்.

வருடாவருடம் பங்குனியில் தவறாமல் கேஸ் போட்டுவிடுவேன். இருந்தும் இந்த வருடம் கம்ப்ரசரே போய்விட்டது. ஏன்?
– வாசகர், மேலூர்

கேஸ் போட்டீர்கள், கசிவை அடைக்கவில்லை. அதனால்தான். ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. கம்ப்ரசர், கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள் ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் குறையும், அது இயல்பு. ஒரே வருடத்தில் காலியானால் எங்கோ லீக் இருக்கிறது.

கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் அந்தக் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் வெளியேறும். கேஸ் குறையக் குறைய, மிச்ச எண்ணெயும் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பி வராது. உள்ளே உலோகமும் உலோகமும் காய்ந்து உரசும். இப்படி நாலு கோடை போனால் எந்தக் கம்ப்ரசர் தாங்கும்?

வெயில் ஏறியதும் 'ஏசி கேஸ் ஃபில்லிங்' என்று பேனர் கட்டி, பத்து நிமிடத்தில் ஒரு கேனை ஏற்றிக் காசு வாங்கி அனுப்புகிறார்கள். லீக் எங்கே என்று தேடுவதில்லை. எண்ணெய் எவ்வளவு போயிருக்கும் என்று யோசிப்பதில்லை. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு வண்டியை மெல்ல மெல்லக் கெடுத்துவிட்டு, அதற்கு வருடா வருடம் கூலியும் வாங்குகிற வேலை இது.

முறை என்னவென்றால், முதலில் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி லீக் பார்க்க வேண்டும். அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு (குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), பம்பை நிறுத்தி, முள் நகராமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அப்புறம்தான் கேஸ். அதுவும் எடை பார்த்து. எத்தனை கிராம் என்று பெரும்பாலான வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும்.

வண்டிக்கு 13 வயது. புதுக் கம்ப்ரசரா, ரீகண்டிஷனா?
– வாசகி, கூடல்நகர்

15 வருடம் முடிந்தால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அம்மா. அதைச் செய்து வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் புதுசு போடுங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் ரீகண்டிஷன் போதும், ஆனால் உங்கள் கம்ப்ரசரையே கழற்றிக் கொடுத்துச் சரி செய்து வாங்குங்கள்.

கடையில் தயாராக இருந்த ரீகண்டிஷன் ஒன்றை என் பழைய வண்டிக்கு வாங்கினேன். "உள்ளே எல்லாம் புதுசு" என்று சத்தியம் செய்தார்கள். கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. பிரித்தபோது பழைய பேரிங், பழைய சீல். வாரண்டி கேட்டால், "அது கிளட்ச்சுக்கு மட்டும்" என்றார்கள். எந்தெந்தப் பாகம் மாற்றினார்கள், வாரண்டி எதற்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சீலையும் பேரிங்கையும் கையில் கேளுங்கள்.

சொந்தக் காரை நானே டாக்சியாக ஓட்டுகிறேன். பழைய கம்ப்ரசர் உடைந்ததால் 18,500 கொடுத்துப் புதுசு போட்டேன். ஐம்பது நாளில் ஜாம். பில்லில் ஆறு மாத வாரண்டி இருக்கிறது. "உன் வண்டிக் குழாயில் தூள், அதற்கு நான் பொறுப்பில்லை. டாக்சிக்காரன் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், மாட்டுத்தாவணி

தம்பி, இரண்டுமே தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். நீங்களே ஓட்டுகிற வண்டி, தைரியமாகப் போகலாம்.

அப்புறம் அந்தத் தூள். பழைய கம்ப்ரசர் உடைந்தபோது உதிர்ந்த உலோகத்தூள் அது. புதுசு போடும் முன் குழாய்களை ஃப்ளஷ் செய்து, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றியிருக்க வேண்டும். மெல்லிய தட்டைக் குழாய் கண்டென்சர் என்றால் ஃப்ளஷ் செய்தாலும் முழுசாகச் சுத்தமாகாது, அதையும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பில்லில் டிரையர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வேலையை அரைகுறையாகச் செய்ததற்கு அதுவே சாட்சி.

வேறொரு ஏசி மெக்கானிக்கிடம் போய், கேஸை முறையாக வெளியேற்றிய பிறகு கம்ப்ரசர் ஹோஸைக் கழற்றி, உள்ளிருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். கறுத்துப்போய், வெயிலில் காட்டினால் மினுமினுக்கும். அதைப் படம் எடுத்து, அவரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள். கழற்றிய கம்ப்ரசரை ரசீது இல்லாமல் கடையில் விடாதீர்கள்.

15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் கடைக்குக் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரையும் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஏசி இல்லாமல் இழந்த சவாரிகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், நஷ்ட ஈடாகக் கேட்கலாம். பில்லை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மெஷினில் வருகிற வழவழப்புத் தாளாக இருந்தால், டாஷ்போர்டு சூட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.