மாண்டிசோரி வகுப்பில் இடையூறற்ற வேலை நேரம்: கேள்வி பதில்

கேள்வி: மாண்டிசோரி வகுப்பில் மூன்று மணி நேரத்தை இடையூறில்லாத வேலைக்கென்றே ஒதுக்குகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை அவ்வளவு நேரம் ஒரே வேலையில் உட்காருமா?

பதில்: அப்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை. மணி அடித்தோ, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தோ அந்த நேரத்தைப் பெரியவர்கள் துண்டாடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. குழந்தை அலமாரியிலிருந்து ஒரு வேலையை, அதாவது செய்து பழகும் ஒரு பொருளை, எடுக்கும், முடித்து உரிய இடத்தில் வைக்கும், பிறகு அடுத்ததைத் தேடும்.

கேள்வி: ஒரு மணி நேரம் கழிந்ததும் சலசலப்பு கூடிவிடுகிறது. அப்போது எல்லோரையும் பாட்டுக்கு அழைக்கலாமா?

பதில்: அழைக்காதீர்கள். இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி இதைப் பொய்யான களைப்பு என்று கண்டறிந்தார். எளிய வேலைகளை முடித்த குழந்தை, வேலைக்கு விரித்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அலமாரி முன் நிற்கும். ஒன்றைத் தொட்டு விட்டுவிடும். பக்கத்திலிருப்பவரின் வேலையை எட்டிப் பார்க்கும். சற்றுப் பொறுத்தால் அதே குழந்தை, காலையின் மிகக் கடினமான வேலையைத் தானே தேர்ந்தெடுத்து அதில் ஆழ்ந்துவிடுவதைக் காணலாம். நீங்கள் கை தட்டி அழைக்கும்போது பறிபோவது அந்த வேலைதான்.

மறுப்பு: எல்லாவற்றையும் களைப்பென்று விட்டுவிட்டால் ஒழுங்கு என்னாவது?

பதில்: எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. இன்னொருவரின் வேலையைக் கலைக்கும் குழந்தையை உடனே தடுக்க வேண்டும். எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் நெடுநேரம் அலைபவரிடம் ஆசிரியர் மெல்லச் சென்று, அவர் ஒருவருக்கு மட்டும் புதிய வேலையொன்றைச் செய்து காட்ட வேண்டும். இருவர் அலைகிறார்கள் என்பதற்காக, ஆழ்ந்திருக்கும் மற்றவர்களையும் எழுப்புவதை எப்படி ஒழுங்கு என்று ஏற்பது?

மறுப்பு: அலைபவர்களே அதிகமென்றால்?

பதில்: அப்போது கோளாறு வகுப்பின் ஆயத்தத்தில் இருக்கலாம். அலமாரியில் சவாலான வேலைகள் உள்ளனவா, அவற்றைத் தனித்தனியே செய்து காட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: நன்றாகச் செய்யும்போது பாராட்டலாமா?

பதில்: நடுவில் வேண்டவே வேண்டாம், பாராட்டும் இடையூறுதான். 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் மாண்டிசோரி தொடங்கிய பள்ளியில், சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்றவர்களைப் பாடவைத்தபோதும், நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தபோதும் அவள் நிறுத்தவில்லை. 40 தடவைக்கும் மேல் செய்து, தானாக நிறுத்தியபோது அவள் முகத்தில் சோர்வில்லை. ஓய்வெடுத்து எழுந்தவளைப்போல் மலர்ச்சியே இருந்தது.

கேள்வி: இரண்டு மணி நேரம் போதாதா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். சலசலப்பு அடங்கி, கடினமான வேலை தொடங்கும் தறுவாயில் உங்கள் மணி அடித்துவிடும்.

கேள்வி: சிற்றுண்டிக்காவது எல்லோரையும் நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஒரு சிறு மேசையில் வைத்துவிடுங்கள். பசித்தவர் வேலையை முடித்துவிட்டு வந்து சாப்பிடட்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பேச்சு தாமதமாகிறது. இந்த வேலை நேரம் அதைச் சரிசெய்யுமா?

பதில்: அது என் துறையன்று. காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.