இழவு வீடும் மன அமைதியும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 32 வயது. பெங்களூரில் ஐ.டி. வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். அமெரிக்கக் கிளையன்ட், அதனால் இரவு 12 மணி வரை மீட்டிங் இருக்கும். ஆனாலும் காலை 4 மணிக்கு எழுந்துவிடுவேன். தியானம், பச்சைத்தண்ணீர்க் குளியல், பிறகு அன்றன்றைக்கு நன்றி சொல்ல வேண்டியவற்றை நோட்டில் எழுதுவது. மனதைக் கெடுக்கிறவர்களிடமிருந்து விலகியிருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் மிளகு பறிக்க வருவார், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவார். நெகட்டிவ் எனர்ஜி வேண்டாமென்று நான் போகவில்லை, அம்மா மட்டும் போய் வந்தார். இவ்வளவு செய்தும் மனம் ஒரு நிலையில் இல்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நெஞ்சை அடைக்கிறது. விபாசனா முகாமுக்குப் போகலாமா, மூச்சுப்பயிற்சி கற்றுக்கொள்ளலாமா? எது சரியான வழி?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது கிட்டத்தட்ட இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டில் இருக்கிற தோழி ஒருத்தி, “உனக்கென்னடி, மலையில இருக்கே, கவலையே இருக்காது” என்றாள். இ-பாஸ் எடுத்துக்கொண்டு கொடைக்கானல் வருகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். காட்டுமாடு இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போகும், ஐப்பசி மழையில் மண் சரிந்து பஸ் நிற்கும், காப்பி விலை விழும். கூடவே மனசும் விழும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் எந்தப் பிரம்ம முகூர்த்தமும் காப்பாற்றாது. வளர்ந்த ஆளுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் எரிச்சலில் பாதி அங்கேதான் இருக்கிறது. 7 மணிக்கு எழுந்திருங்கள், எழுந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். நெஞ்சு அடைப்பதை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மனக்கலக்கம்தான் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். மூச்சுப்பயிற்சி தாராளமாகச் செய்யுங்கள். தூக்கம் கெட்ட உடம்போடு 10 நாள் மௌன முகாமுக்கு இப்போது போகாதீர்கள்.

ஆனால் தம்பி, நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. உங்களைத் தோளில் சுமந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடக்கிறார். ஒப்பாரி உங்கள் ஜன்னலுக்குள் கேட்டிருக்கும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த நோட்டில் யாருக்கு நன்றி எழுதினீர்கள்?

நெகட்டிவ் எனர்ஜி என்று ஒன்று கிடையாது. துக்கம் என்று ஒன்று உண்டு, அது எல்லா வீட்டுக்கும் வரும், உங்கள் வீட்டுக்கும் வரும். அன்றைக்கு உங்கள் வாசலில் வந்து நிற்கப் போகிறவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தீர்களா? குடித்துவிட்டுக் கை நீட்டுகிற உறவு, பணம் கேட்டு மிரட்டுகிற உறவு, இவர்களிடமிருந்து விலகுங்கள், நானே உங்களுக்காகப் பேசுவேன். செத்துப்போன கிழவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்துவிடுவார்?

இழவு வீட்டில் என்ன நடக்கிறதென்று ஒருமுறை நின்று பாருங்கள். ஒருவர் பந்தலுக்குக் கம்பு ஊன்றுகிறார். ஒருவர் வெளியூர்க்காரர்களுக்கு வரிசையாகப் போன் போடுகிறார். கரண்ட் போய்விட்டால் ஐஸ்பெட்டிக்கு ஜெனரேட்டர் தேடி ரெண்டு பேர் ஓடுகிறார்கள். ஒரு அம்மா வரக்காப்பி போட்டு, அழுது ஓய்ந்தவர்கள் கையில் டம்ளரைத் திணிக்கிறாள். உனக்கு மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வேலை கிடக்கிறது, ஆள் வேண்டும், அவ்வளவுதான். அங்கே அரை நாள் நின்றவனுக்கு, தான் வராவிட்டால் ஒரு கை குறைந்திருக்கும் என்று தெரியும். உங்களிடம் இல்லாதது அது ஒன்றுதான். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஊரில் யாருக்கும் குறையில்லை என்ற இடத்துக்கு உங்களை நீங்களே நகர்த்திவிட்டு, மனம் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குச் சின்னத் தோட்டம். காப்பிக்கு நடுவில் மலைவாழை, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் இந்த மலையில் என்ன பாடு படுத்தியது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். அசுவினிப் பூச்சி பரப்புகிற நோய். இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நிற்கும், தார் வராது. மருந்து கிடையாது, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். அப்பா வரிசை வரிசையாகத் தோண்டினார். காப்பியாவது காப்பாற்றும் என்று இருந்தோம். 2001, 2002 வாக்கில் உலகச் சந்தையில் காப்பி விலை தரைதட்டியது. பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை.

அப்பா படுத்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. சவரம் செய்ய மாட்டார். சோற்றைப் பிசைந்து அப்படியே தட்டில் விட்டுவிடுவார். செய்வினை என்றார்கள், கோடாங்கியிடம் குறி கேட்டார்கள். பெரியப்பாதான் மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: பகலில் படுக்க விடாதீர்கள், தினமும் ஒரே நேரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள், ஒழுங்காகச் செய்கிறாரா என்று குறை பார்க்காதீர்கள். முதல் இரண்டையும் அம்மா கேட்டாள். மூன்றாவதைக் கேட்கவில்லை.

மார்கழி மாதம், காப்பிப் பழம் பறிக்கிற காலம். தோல் உரித்துக் கழுவிய கொட்டை களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அடிக்கடி கிளறிவிடாவிட்டால் மேலே காய்ந்து அடியில் ஈரம் நிற்கும், பூசணம் பிடிக்கும். பனி இறங்குவதற்கு முன்னால் குவித்து மூட வேண்டும். அந்த வேலையை அம்மா அப்பா தலையில் கட்டினாள். அவர் பலகை மாட்டிய கழியைப் பிடித்துக்கொண்டு களத்தில் நிற்பார், நகர மாட்டார். “அந்த மூலை ஈரமா கெடக்குதே, கண்ணு தெரியலயா உங்களுக்கு?” என்று அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவாள். இழுப்பார். ஈரக்கொட்டை நகரும்போது சத்தமே வராது. காயக் காயச் சலசலக்கும். ஒரு நாள் அப்பா குனிந்து ஒரு கொட்டையை எடுத்தார். மேல்தோலை நகத்தால் நீக்கிக் கடித்துப் பார்த்தார். பல் பதிந்தால் இன்னும் காய வேண்டும் என்று அர்த்தம். “இன்னும் ரெண்டு வெயில் வேணும்” என்றார். படுத்த பிறகு யாரும் கேட்காமல் அவராகப் பேசியது அதுதான்.

அந்தப் பருவம் முடிவதற்குள் எங்கள் தோட்டத்தில் பழம் பறித்த பாட்டி ஒருத்தி இறந்துபோனாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவர்களோடு போனார், சுடுகாடு வரை நடந்தார், வந்து குளித்துவிட்டுச் சோறு கேட்டார். அதோடு குணமாகிவிட்டார் என்று கதை சொல்ல மாட்டேன். மாத்திரை வெகுகாலம் தொடர்ந்தது, நடுவில் மறுபடியும் படுத்தார். ஆனால் ஊர் அவரைக் கணக்கில் வைத்திருந்தது. மொய் எழுத ஆள் வேண்டுமென்றால் வீட்டுக்கே வந்து கூப்பிடும். மாத்திரையும் அந்தப் பிடியும் சேர்ந்துதான் அவரை எழுப்பி நிறுத்தின.

அம்மா செய்ததை மருத்துவமும் ஒரு முறையாகவே வைத்திருக்கிறது. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிறார்கள். மனசு சரியாகட்டும், பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று உட்காராமல், வேலையிலும் மனிதர்களிடமும் முதலில் கொண்டுபோய் விடுவது. மனசு பின்னால் வரும். விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவர் தன் குழுவோடு கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார். மனச்சோர்வு முற்றிய 495 பேர். அவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு 6 முதல் 8 தடவை உட்கார்ந்து பேசினார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதத்தில் அந்தப் பாதிதான் தெளிவாகத் தேறியிருந்தது. 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. விட்டுப்போன வேலை எது, விட்டுப்போன மனிதர் யார், அங்கே திரும்புவதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்ற பேச்சுக்கு அவ்வளவு பலம். நீங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மனிதர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வருகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பே இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அதை ஊர்ப்பழக்கத்தால் சரிசெய்ய முயலக் கூடாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு எனக்குத் தெரியவில்லை. தெரியாததாலேயே இல்லை என்று ஆகிவிடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

தாத்தா போன வாரம்தான் இறந்தார் என்கிறீர்கள். அப்படியானால் 16-ஆம் நாள் காரியம் இன்னும் முடிந்திருக்காது. இன்றைக்கே போங்கள். “அன்னைக்கு நான் வந்திருக்கணும்” என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள். காரியத்துக்குச் சாமான் வாங்க வத்தலக்குண்டு இறங்க வேண்டுமென்றால் உங்கள் வண்டியை எடுங்கள். வாடகைப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க எப்போதும் ஆள் கிடைக்காது, அதற்கு நில்லுங்கள். கிளம்பும்போது “போய்ட்டு வர்றேன்” என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.