மினிமம் ட்யூ கட்டுவதை இந்த மாதமே நிறுத்துங்கள்

கேள்வி: எங்களுக்கு 30 வாரத்திலேயே இரட்டைக் குழந்தைகள். ஐந்து வாரமாக இருவரும் தனியார் மருத்துவமனையின் என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறார்கள். மகப்பேறு இன்சூரன்ஸ் 50,000 ரூபாய் பிரசவத்தோடு தீர்ந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் கிரெடிட் கார்டில் பணம் கட்டியதில் பாக்கி 2.40 லட்சம். போன மாதம் மினிமம் ட்யூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினேன். இந்த மாதம் 12,000 கட்டச் சொல்கிறார்கள். கைக்கு வரும் சம்பளம் 54,000. மனைவியின் நகை 22 பவுன் லாக்கரில் இருக்கிறது. பிள்ளை பிறந்த நேரத்தில் அடகு வைக்கக் கூடாது என்கிறார் அம்மா. சித்தப்பா சொன்னதால் குழந்தைகளுக்குத் தலா 5,000 ரூபாயில் மாதாந்திர யூலிப்பும் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி) போட்டிருக்கிறேன். பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு அதைவிட மலிவான வழி கைவசம் இருக்கிறது.

முதலில் அந்த 12,000 எங்கே போகிறது என்று பாருங்கள். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 2.40 லட்சத்துக்கு 8,400. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,500. ஆக 9,900 வட்டிக்கே சரி. அசலில் கழிவது இரண்டாயிரம் சொச்சம். முழு பாக்கியைக் கட்டாதவரை, புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்றைக்கே வட்டி ஓடும். இனி மருத்துவமனையில் அந்தக் கார்டை நீட்டவே நீட்டாதீர்கள்.

நகையை வங்கியில் வைத்து, கார்டு பாக்கி 2.40 லட்சத்தையும் ஒரேயடியாகக் கட்டி முடியுங்கள். வங்கி நகைக்கடன் வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் மாத வட்டி 2,000. அதே 12,000-ஐ மாதாமாதம் கட்டினால் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். இன்றைய விலைக்கு எட்டுப் பவுன் வைத்தாலே தாராளம். ஒரு வருடத்தில் முடிக்கச் சொல்லும் கடன்தான் பெரும்பாலும் கிடைக்கும். அப்போது மீதி இருக்கும் 1.15 லட்சத்துக்கு மட்டும் மறுபடி வைத்துக்கொள்ளலாம். இடையிடையே அசலில் கட்ட விடுவார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அம்மாவின் மனக்கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நகை உங்கள் மனைவியுடையது, முடிவும் அவருடையதுதான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்து, அது டியூப் வழியாகச் சில மில்லிகளாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். மனைவியைப் பேச விடாதீர்கள்.

யூலிப் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. சந்தை அபாயமும், ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாத லாக்-இன்னும் உள்ள திட்டத்தில், கடனில் இருக்கும் வீடு மாதம் 10,000 போடக் கூடாது. பாலிசி கையில் கிடைத்து 30 நாள் ஆகாவிட்டால் ஃப்ரீ லுக் வசதியில் எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும். சித்தப்பா வருத்தப்படுவார், பரவாயில்லை.

இன்னொன்று. அந்த 50,000 பிரசவத்துக்கான வரம்பு. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் பல குரூப் பாலிசிகளில் பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குக் கவரேஜ் உண்டு; அப்படியானால் என்ஐசியு செலவை மொத்தக் காப்பீட்டுத் தொகையிலிருந்து கேட்கலாம். இரு குழந்தைகளையும் சேர்க்கச் சொல்லி இன்றே எச்ஆருக்கு மெயில் போடுங்கள். பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள், சேர்க்கக் கெடு உண்டு. அது தாண்டியிருந்தாலும் கேளுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் பில், கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தனித்தனியாக வாங்குங்கள். வரும் கிளெய்ம் பணம் நேராக நகைக்கடனுக்குப் போகட்டும்.