கல்வெட்டில் என் பெயர் வரலாமா, அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. எட்டு மாதத்துக்கு முன் எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபை வட்டாரத்துக்கு, செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது 'செயலர் ஐயா' என்கிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போதோ யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் உறுத்துகிறது. ஆராதனையில் பிரசங்கம் காதில் விழுவதில்லை. மைக் செட், மின்விசிறி, காணிக்கை என்றே மனம் ஓடுகிறது. தேர்தலில் தோற்ற அண்ணாச்சி என்னோடு பேசுவதில்லை. புது மண்டபத்துக்குக் கல்வெட்டு வைக்கப் போகிறோம். கமிட்டியார் எல்லார் பெயரும் வரவேண்டும் என்கிறார்கள். பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா? ஜெபிக்க உட்கார்ந்தால் ஜெபமும் வரவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பி, 'கூப்பிடாவிட்டால் உறுத்துகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் பொறுப்பில் இருந்தும் அதை ஒத்துக்கொள்ளாதவர்களை எனக்குத் தெரியும். ராஜினாமா இப்போது வேண்டாம். பதவியை விட்டாலும் அந்த உறுத்தல் உங்கள் பின்னாலேயே வீட்டுக்கு வரும். 'பதவியைத் தூக்கிப் போட்ட மனுஷன்' என்று நாலு பேர் சொன்னால் அதுவும் இனிக்கத்தான் செய்யும்.

நானும் ஆறு வருஷம் சேகரக் கமிட்டியில் இருந்தவள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில், அதாவது கோயிலை ஒட்டிய அறையில், காணிக்கை எண்ணுவோம். வீட்டில் அடுப்பு பற்றவைக்காமல் கிடக்கும், அந்த அவசரம் வேறு. ஒரு நாள் எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று வந்தது. பிரித்தால் மேஜையெல்லாம் புகையிலைத் தூள். 'இந்த நோட்டை எந்தக் கடையில வாங்குவான்' என்று அலுத்துக்கொண்டேன். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற பெரியவர் பக்கத்தில் நின்றிருந்தார். நோட்டை என் கையிலிருந்து வாங்கி, வேட்டியில் தொடைமேல் வைத்து நாலு தடவை நீவினார். 'பீடி சுத்துற கையிலிருந்து வந்ததும்மா' என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் நிதானமாகத்தான் எண்ணினேன். மடித்த நோட்டைப் பிரிக்கும்போது, அதைப் போட்ட அந்த முகம் தெரியாத ஆளுக்காக மனதுக்குள் ஒரு வரி. காணிக்கை ஞாபகம்தான் வருகிறது என்கிறீர்கள். சரி, வரட்டும், அங்கேயே ஜெபத்தைத் தொடங்குங்கள். அப்புறம், வாரத்தில் ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் கோயிலில் போய் உட்காருங்கள். எந்த ட்யூப்லைட் எரியவில்லை என்று அண்ணாந்து பார்க்கக்கூடாது. சாவிக்கொத்தும் கையில் வேண்டாம். அந்தப் பெரியவர் மாதிரி ஒருவர் உங்கள் கோயிலிலும் இருப்பாரே, அவரையே திறந்துவிடச் சொல்லுங்கள்.

பேராயர் அசரியாவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்நாளைய திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். அவரும் ஒரு காலத்தில் செயலாளர்தான், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில். நல்ல மரியாதை உள்ள வேலை. 1909-ல் அதை விட்டுவிட்டு, நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த (இன்றைய தெலங்கானா) தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். நம் திருநெல்வேலி சபையார் தாங்களே காணிக்கை போட்டு 1903-ல் தொடங்கிய மிஷனரி சங்கத்தின் ஊழியம் அது. தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். முப்பத்தைந்து வயதில் கூடாரத்தில் தங்கிக்கொண்டு தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஆன பிறகும் மாட்டுவண்டியில்தான் ஊர் ஊராகப் போனார். தோர்ணக்கல் சபையார் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், கூலிவேலை செய்தவர்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைப்பார்கள். நம் பாட்டிமார் வைத்த அதே பிடியரிசிதான். பேராயர் அங்கியின் கனத்தைவிட அந்த ஒரு பிடியின் கனம் அவருக்குத் தெரிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றும்.

தாழ்மை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபைக்கு முன் அதே அசரியா எழுந்து, நீங்கள் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பலருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் சேகரக் கணக்கில் ஓட்டை இருந்தால் நீங்களும் எழுந்து சொல்லத்தான் வேண்டும்.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். கடைசி இராப்போஜனப் பந்தியிலேயே தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் பண்ணியதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். நம்மூர் கோயில் விருந்தான அசனப் பந்தியில் முன்வரிசைக்கு நடக்கிற சண்டையெல்லாம் அதன் பேரப்பிள்ளைதான். அதே ராத்திரியில்தான் ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கால் கழுவினார். யூதாஸின் காலையும் சேர்த்து. (அண்ணாச்சியை யூதாஸ் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அப்படி நினைக்காதீர்கள், அதுதான் ஆபத்து.) அடுத்த நற்கருணை ஞாயிறுக்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள், போட்டோ எடுக்க ஆள் வேண்டாம். 'சமாதானம் பேச வந்தேன்' என்று தொடங்கினால் அவர் கதவைச் சாத்திவிடுவார். மண்டபக் கணக்கு நோட்டைக் கையில் கொண்டுபோய், 'அண்ணாச்சி, இதை ஒருதரம் பார்த்துத் தாருங்கள், எனக்குப் பிடிபடாதது உங்களுக்குப் பிடிபடும்' என்று கேளுங்கள். தப்பு கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். திருத்துவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கடைசியாகக் கல்வெட்டு. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று 'என் பெயர் வேண்டவே வேண்டாம்' என்று பேசிவிடாதீர்கள், தம்பி. அதை ஊரே ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருக்கும். கல்லில் வெட்டியதைவிட அழுத்தமாகப் பதிந்துவிடும். சேகர குருவானவரைத் தனியே பாருங்கள். கல்லில் வருஷமும் ஒரு வசனமும் போதும், கமிட்டியார் பெயரெல்லாம் மினிட் புத்தகத்தில் இருக்கிறதே என்று அவரே கூட்டத்தில் சொல்லட்டும். எடுபடாமல் போனால் மனஸ்தாபம் வேண்டாம், பட்டியலில் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். அப்படியானால் பீடி சுற்றுகிற அக்காமார் சார்பில் 'சபையார் அனைவரும்' என்று முதல் வரியில் போடச் சொல்லுங்கள்.

என்ன முடிவானது என்று ஒரு கார்டு போடுங்கள். அண்ணாச்சி காப்பி கொடுத்தாரா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா